நூற்றாண்டு விழாப் பணமும் நாற்பது பிள்ளைகளும்: எந்தக் கற்பித்தல் முறைக்குச் செலவழிக்கலாம்?

குமரி மாவட்டத்தில் நூறு வயதைக் கடந்த தொடக்கப் பள்ளிகள் நிறைய உண்டு. நூற்றாண்டு விழா என்றதும் பழைய மாணவர்கள் கூடுகிறார்கள், வளைகுடாவில் வேலை பார்ப்பவர்களும் பணம் அனுப்புகிறார்கள். அந்தப் பணம் பெரும்பாலும் வாசலில் ஒரு வளைவாகவோ மைதானத்தில் ஒரு கலையரங்கமாகவோ எழுந்து நிற்கும். அப்படி இல்லாமல், இந்தத் தடவை வகுப்பறைக்குள் பிள்ளைகள் படிக்கிற விதத்துக்கு ஏதாவது செய்வோம் என்று யோசிக்கிற ஊர்களுக்காக இதை எழுதுகிறேன்.

இப்படிப் பேசும் கூட்டங்களில் நான்கு யோசனைகள் திரும்பத் திரும்ப வரும். பிள்ளைகள் தாங்களே எடுத்துப் படிக்கும் பழைய செயல்வழிக் கற்றல் அட்டைகளை மீட்டெடுப்பது, இப்போது அரசுத் திட்டமாக நடக்கும் எண்ணும் எழுத்தும் வகுப்புக்கே கூடுதல் வசதி செய்வது, கைவேலையோடு சேர்ந்த கல்வி, அப்புறம் சாமான்களைக் கையாண்டு பிள்ளை தானே கற்கும் மாண்டிசோரி முறை. தொடக்கப் பள்ளி ஆசிரியராக இருந்தவன் என்ற முறையில் என் முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பணத்தில் பெரும்பங்கு அட்டைகளுக்குப் போக வேண்டும். ஏன் என்று சொல்லத்தான் மீதிக் கட்டுரை.

பேச வசதியாக ஒரு பள்ளியை வைத்துக்கொள்வோம். ஒன்று முதல் ஐந்து வரை வகுப்புகள், மொத்தம் நாற்பது பிள்ளைகள், தலைமையாசிரியரையும் சேர்த்து இரண்டே ஆசிரியர்கள். இது ஏதோ விதிவிலக்கு என்று நினைக்க வேண்டாம். 2009-ஆம் ஆண்டின் கட்டாயக் கல்வி உரிமைச் சட்டத்தின்படியே அறுபது பிள்ளைகள் வரை உள்ள தொடக்கப் பள்ளிக்கு இரண்டு ஆசிரியர்கள்தான். பக்கத்தில் ஆங்கிலவழிப் பள்ளியின் வேன் வந்து நிற்கிற ஊர்களில், நம் பழைய பள்ளிகள் பலவும் இந்த அளவுக்குச் சுருங்கிவிட்டன. ஐந்து வகுப்பு, இரண்டு பேர். எந்த முறையைப் பேசினாலும் அது இந்தக் கணக்குக்குள் அடங்குமா என்பதுதான் முதல் கேள்வி.

விழா மலர்களில் நம் மாவட்டக் கல்வி வரலாறு வழக்கமாக முஞ்சிறைப் பக்கத்துப் பார்த்திவசேகரபுரத்தில் தொடங்கும். ஆய் அரசன் கருநந்தடக்கன் 9-ஆம் நூற்றாண்டில் அங்கே 95 சட்டர்களுக்கு, அதாவது மாணவர்களுக்கு, இடம் வைத்து ஒரு சாலை, அதாவது தங்கிப் படிக்கும் கல்விக்கூடம், நிறுவியதைச் செப்பேடு சொல்கிறது. பெருமைதான். ஆனால் தொடக்கப் பள்ளிக்காரர்களுக்கு அதைவிட முக்கியமானது, மணலில் விரலால் எழுத வைத்த ஆசான் பள்ளிக்கூடம். அங்கே வகுப்பு என்று ஒன்று தனியாகக் கிடையாது. எல்லா வயதுப் பிள்ளைகளும் ஒரே திண்ணையில் இருப்பார்கள். மூத்தவன் சட்டாம்பிள்ளை, அவன் இளையவர்களுக்குச் சொல்லிக்கொடுப்பான். 1789 முதல் சென்னை எழும்பூரில் ஆண்கள் ஆதரவற்றோர் இல்லத்தைக் கவனித்த ஆண்ட்ரூ பெல், நாட்டுப் பள்ளிப் பிள்ளைகள் மணலில் எழுதுவதைப் பார்த்து, பிள்ளைகளே பிள்ளைகளுக்குக் கற்பிக்கும் ஏற்பாட்டையும் சேர்த்து ஒரு முறையாக்கி இங்கிலாந்துக்குக் கொண்டு போனார். அங்கே அதற்கு மெட்ராஸ் முறை என்றே பெயர் விழுந்தது. ஒரே ஆசிரியர், பல வயதுப் பிள்ளைகள் என்ற நிலைமைக்கு நம் ஊர் கண்டிருந்த விடை அது. வகுப்புக்கு ஓர் ஆசிரியர் என்ற ஏற்பாடு பிற்பாடு வந்தது. இப்போது நாம் திரும்பவும் அந்தப் பழைய நிலைமையில்தான் நிற்கிறோம்.

இதை மனதில் வைத்துக்கொண்டு செயல்வழிக் கற்றலுக்கு வருவோம். ஆந்திரத்தில் மதனப்பள்ளிக்குப் பக்கத்து ரிஷிவேலியில், சுற்றுவட்டாரக் கிராமங்களின் ஓராசிரியர் பள்ளிகளுக்கென்று உருவான முறை அது. அங்கிருந்து கற்றுக்கொண்டு, சென்னை மாநகராட்சி ஆணையராக இருந்த எம்.பி. விஜயகுமார் 2003-இல் 13 மாநகராட்சிப் பள்ளிகளில் அதைத் தொடங்கி வைத்தார். 2007-08-இல் தமிழ்நாடு முழுக்க, ஒன்று முதல் நான்கு வரையான வகுப்புகளுக்கு வந்துவிட்டது. நம் மாவட்டத்துக்கும் அப்போதுதான் வந்தது.

அப்போது வகுப்பறை எப்படி இருந்தது என்று இப்போதைய பெற்றோருக்குத் தெரியாது. பெஞ்சு போய் பாய் வந்தது. சுவரின் கீழ்ப்பாதி முழுக்கக் கறுப்புப் பெயிண்ட், ஒவ்வொரு பிள்ளைக்கும் எழுத ஒரு துண்டு இடம். தலைக்கு மேலே குறுக்கும் நெடுக்கும் கம்பி கட்டி, அதில் பிள்ளைகள் வரைந்த படங்கள் தொங்கும். சுவரில் பாடத்துக்கு ஓர் ஏணி. ஏணியின் ஒவ்வொரு படியிலும் ஒரு சின்னம், ஓர் எண். காலையில் வந்ததும் பிள்ளை தன் வருகையைத் தானே பதிவு செய்துவிட்டு, ஏணியில் தான் நேற்று எங்கே விட்டோம் என்று பார்க்கும். அந்தச் சின்னம் போட்ட அட்டையைத் தட்டிலிருந்து எடுக்கும். இன்ன சின்னம் என்றால் டீச்சரோடு உட்கார வேண்டும், இன்னது என்றால் கூட்டாளிகளோடு, இன்னது என்றால் தனியாக என்று அதற்கே தெரியும். அதற்குரிய பாயில் போய் உட்காரும். நாற்காலியில் இருந்து பாடம் நடத்திய டீச்சர் தரையில், அட்டைக்கு உதவி தேவைப்படும் நாலைந்து பிள்ளைகளுக்கு நடுவில் இருப்பார். மீதிப் பேர் அவர் முகத்தைப் பார்த்துக் காத்திருக்க மாட்டார்கள். இரண்டு ஆசிரியர் பள்ளிக்கு இது எவ்வளவு பெரிய விஷயம் என்பது, ஒரு வகுப்புக்குப் பாடம் எடுக்கும்போது மற்ற இரண்டு வகுப்பையும் "பார்த்து எழுது" என்று உட்கார வைத்த எல்லா ஆசிரியருக்கும் தெரியும்.

இன்னொன்றும் உண்டு. கோட்டாறு சவேரியார் திருவிழாவுக்கு அம்மா வீட்டுக்குப் போய்ப் பத்து நாள் கழித்து வரும் பிள்ளைக்கு, பாடநூல் வகுப்பில் பத்து நாள் பாடம் போனது போனதுதான். அட்டை முறையில் அவள் விட்ட படியிலிருந்தே தொடங்குவாள். காய்ச்சலில் கிடந்தவனுக்கும், அப்பாவுக்கு ரப்பர் தோட்டத்தில் வேலை மாறியதால் குலசேகரத்திலிருந்து பாதி வருடத்தில் வந்து சேர்ந்தவனுக்கும் அப்படித்தான்.

இவ்வளவு நல்ல முறை ஏன் நிலைக்கவில்லை? காரணங்களை நேராகப் பார்க்காமல் பணம் போடக் கூடாது. ஓராசிரியர் பள்ளிக்காக உருவானதை எல்லாப் பள்ளிக்கும் ஒரே ஆண்டில் கட்டாயமாக்கினார்கள். வகுப்புக்கு நாற்பது பேரும் ஓர் ஆசிரியரும் இருந்த பெரிய பள்ளியில் தட்டும் பாயும் நெரிசலாக இருந்தன. அட்டை கிழியும், தொலையும். மாற்று அட்டை வந்து சேர்வதற்குள் அந்தப் படியில் நிற்கும் பிள்ளைகள் தேங்கிப் போவார்கள். கெட்டிக்காரப் பிள்ளை முன்னால் ஓடும், பின்னால் வருபவன் அவன் நோட்டைப் பார்த்து எழுதிவிட்டு அடுத்த படிக்கு ஏறுவான். ஏணியில் பிள்ளை எங்கே நிற்கிறது என்பது கற்பிக்க உதவும் குறிப்பாக இல்லாமல், மேலிருந்து வருபவர்களுக்குக் காட்டும் பதிவேடாகிவிட்டது. 2012-13-இல் முப்பருவ முறையும் தொடர் மதிப்பீடும் வந்தன. 2018-இல் புதிய பாடநூல்கள் வரத் தொடங்கியதும் அட்டைகள் பீரோவுக்குள் போய்விட்டன.

பெற்றோரையும் மறந்துவிட முடியாது. 2011 கணக்கெடுப்பில் 91.75 சதவீதம் எழுத்தறிவோடு மாநிலத்திலேயே முதலிடத்தில் இருந்த மாவட்டம் இது. இங்கே அம்மாவும் அப்பாவும் படித்தவர்கள், சாயங்காலம் பையைத் திறந்து பார்ப்பார்கள். "எனக்க பிள்ளைக்குப் புக்கு ஒண்ணும் இல்லியா டீச்சர்? வீட்டுப்பாடம் தர மாட்டியளா?" என்று வாசலில் நின்று கேட்ட அம்மாக்களுக்குச் சரியான பதில் சொல்ல யாரும் ஆசிரியர்களைத் தயார்ப்படுத்தவில்லை. பக்கத்து வீட்டுப் பிள்ளையின் ஆங்கிலப் புத்தகம் கண்ணுக்குத் தெரிந்தது. ஏணியில் ஏறிய படி வீட்டுக்கு வரவில்லை.

இந்தக் குறைகளில் பெரும்பாலானவை முறையின் குறை அல்ல, அதைச் சுமத்திய விதத்தின் குறை. இன்னும் சொல்லப் போனால், 2007-இல் பொருந்தாத பள்ளிகள் பல இருந்தன, இன்று பொருந்துகிற பள்ளிகள் பெருகியிருக்கின்றன. சிறு பள்ளிக்கென்று பிறந்த முறையை, பள்ளிகள் சிறுத்துப் போன காலத்தில் நாம் பீரோவில் பூட்டி வைத்திருக்கிறோம்.

இனி எண்ணும் எழுத்தும். கொரோனாவில் பள்ளிகள் மூடிக்கிடந்து பிள்ளைகள் எழுத்தையே மறந்துவிட்ட நிலையில் 2022 ஜூனில் தொடங்கிய திட்டம். முதலில் ஒன்று முதல் மூன்று வரை, அடுத்த ஆண்டு நான்கு, ஐந்துக்கும் நீண்டது. பிள்ளைகளை அரும்பு, மொட்டு, மலர் என்று நிலைவாரியாகப் பார்க்கிறது. பாட்டு, கதை, பொம்மலாட்டம், நடிப்பு என்று வகுப்பே கலகலப்பாக இருக்கும். அட்டை முறையில் நான் கண்ட மிகப் பெரிய பள்ளம் வாய்மொழிதான். ஆளுக்கொரு அட்டையோடு உட்கார்ந்துவிட்டதால் எல்லாரும் சேர்ந்து கதை கேட்பதும், கேட்ட கதையைத் திருப்பிச் சொல்வதும் குறைந்து போயிற்று. எண்ணும் எழுத்தும் அந்தப் பள்ளத்தை நன்றாகவே நிரப்புகிறது. கொல்லங்கோட்டுப் பக்கம் வீட்டில் மலையாளம் கலந்து பேசும் பிள்ளைக்கும், குளச்சலில் கடற்கரைப் பேச்சோடு வரும் பிள்ளைக்கும், புத்தகத் தமிழுக்குப் பாலம் பாட்டும் கதையும்தான்.

அதன் பலவீனம் வேறிடத்தில் இருக்கிறது. வேகத்தை வைப்பது பிள்ளை அல்ல, ஆசிரியர் கையேடு. வாரத்துக்கு இன்னது என்று திட்டம் நகர்ந்துகொண்டே இருக்கும். மதிப்பீட்டைச் செயலியில் ஏற்றுவதில் நேரம் போகிறது என்று ஆசிரியர்கள் சொல்வதும் நியாயமான குறைதான், இரண்டு பேர் பள்ளியில் ஒருவர் அலைபேசியோடு இருந்தால் பாதிப் பள்ளி நின்றுவிடும். ஆனால் பணம் போடுகிற நமக்கு இதில் செய்ய அதிகம் இல்லை. கையேடும் பயிற்சி நூலும் அரசே தருகிறது. நாம் சேர்க்கக்கூடியது நல்ல கதைப் புத்தகங்கள்தான். அதை அவசியம் சேருங்கள், ஐந்து வகுப்புக்கும் பொதுவாக, பிள்ளைகள் கைக்கு எட்டும் உயரத்தில், பூட்டு இல்லாத அலமாரியில்.

கைவேலைக் கல்வியைப் பற்றி எழுதும்போது மட்டும் நான் கொஞ்சம் நிதானமாக எழுத விரும்புகிறேன், ஏனென்றால் நம் மாவட்டத்தில் இது வெறும் கற்பித்தல் முறை அல்ல. 1937 அக்டோபரில் வார்தாவில் காந்தி முன்வைத்த ஆதாரக் கல்வி, கைத்தொழிலை நடுவில் வைத்து மொழியையும் கணக்கையும் அதைச் சுற்றிக் கற்பிக்கச் சொன்னது. யோசனை ஆழமானது. ஆனால் 1953-இல் சென்னை மாகாணத்தில் ராஜாஜி அரை நாள் பள்ளி, மீதி நேரம் பெற்றோர் தொழில் என்று கொண்டுவந்தபோது அது குலக்கல்வி என்ற எதிர்ப்பில் தகர்ந்தது. 1954-இல் காமராஜர் அதை நீக்கிவிட்டார். அப்போது நம் தாலுகாக்கள் திருவிதாங்கூர்-கொச்சியில் இருந்தன, 1956 நவம்பர் 1-ஆம் தேதிதான் தமிழ்நாட்டோடு சேர்ந்தோம். அதனால் அந்தத் திட்டம் நம் பள்ளிகளுக்குள் வரவே இல்லை. ஆனால் அந்தச் சந்தேகத்துக்கான காரணம் இங்கே இன்னும் ஆழமாக இருந்தது. தோள்சேலைக்காக, அதாவது பெண்கள் மேலாடை அணியும் உரிமைக்காக, 1859 வரை போராடிய மக்கள், கோயிலுக்குள் நுழைய 1936 வரை காத்திருந்த மக்கள், பிள்ளையைப் பள்ளிக்கு அனுப்பியதே அப்பன் தொழிலை விட்டு வெளியே வரத்தான். பனையேறியின் மகனுக்குப் பள்ளியிலும் பனை என்றால் அந்த அப்பாவுக்கு எப்படி இருக்கும்?

ஆனால் இதே மண்ணில் கைவேலை விடுதலை தந்த கதையும் இருக்கிறது. 1806-இல் மிஷனரி ரிங்கல்தௌபே மயிலாடிக்கு வந்த பிறகு லண்டன் மிஷன் பள்ளிகள் பரவின. 1819-இல் நாகர்கோவிலுக்கு வந்த மார்த்தா மால்ட் பெண்பிள்ளைகளுக்கு விடுதியோடு ஒரு பள்ளி வைத்தார், எழுத்தோடு லேஸ் பின்னலும் சொல்லிக்கொடுத்தார். அடிமைச் சாதியில் பிறந்த பெண்கள் அந்தப் பின்னல் காசைக் கொண்டு தங்கள் விடுதலையை வாங்கினார்கள். நூறு ஆண்டு கழித்து, 1920-களில் மார்த்தாண்டத்தில் ஒய்.எம்.சி.ஏ. நடத்திய கிராமச் சீரமைப்பு மையத்தில் ஸ்பென்சர் ஹாட்ச் தேனீ வளர்ப்பு, கோழி வளர்ப்பு எல்லாம் செய்துகாட்டிக் கற்பித்தார். மார்த்தாண்டம் தேன் இன்றைக்கும் பேர் சொல்கிறது. லேஸும் பெட்டித் தேனீயும் இங்கே யாருடைய குலத்தொழிலும் அல்ல. எந்த வீட்டுப் பிள்ளையும் அதை முதன்முதலாகக் கற்றுக்கொண்டது. அதனால்தான் அவை யாரையும் பழைய இடத்திலேயே கட்டிப்போடவில்லை.

ஆகவே கைவேலைக்கு நான் வைக்கும் நிபந்தனை ஒன்றுதான். வகுப்பில் இருக்கும் எந்தப் பிள்ளையின் வீட்டுத் தொழிலாகவும் அது இருக்கக் கூடாது. அல்லது அளப்பது, கவனிப்பது போல எல்லாருக்கும் பொதுவானதாக இருக்க வேண்டும். பள்ளிக்குப் பக்கத்துக் குளத்தில் ஒரு அளவுக்கம்பு நட்டு, வாரம் ஒருமுறை தண்ணீர் மட்டத்தைக் குறித்து வரட்டும். இரண்டு மழைக்காலமும் வந்து போகிற மாவட்டம் இது, ஜூனில் ஒரு ஏற்றம், ஐப்பசியில் இன்னொரு ஏற்றம் என்று அவர்களே வரைபடத்தில் பார்ப்பார்கள். சுசீந்திரம், தேரூர்ப் பக்கத்துப் பள்ளி என்றால் குளத்துக்கு வரும் பறவைகளை எண்ணலாம். நான்காம் வகுப்புக் கணக்கும் சூழ்நிலையியலும் இதற்குள் அழகாக அடங்கும், செலவும் கிட்டத்தட்ட இல்லை. ஆனால் இதை மட்டும் வைத்துக்கொண்டு ஒரு பிள்ளைக்கு வாசிக்கக் கற்றுக்கொடுக்க முடியாது. வாரத்தில் ஒரு மதியம் போதும்.

மாண்டிசோரி பற்றிச் சுருக்கமாகவே சொல்கிறேன். மரியா மாண்டிசோரி 1939-இல் அடையாற்றுக்கு வந்து, போர்க்காலத்தில் கொடைக்கானலிலும் இருந்து, இந்த நாட்டில் நிறைய ஆசிரியர்களைப் பயிற்றுவித்தார். அந்த முறைமேல் எனக்கு மிகுந்த மரியாதை உண்டு. ஆனால் அதன் முழு வலிமையும் இரண்டரை முதல் ஆறு வயதுக்குள், முறையாகப் பயின்ற ஆசிரியர் கையில் இருக்கிறது. சாமான்களை மட்டும் வாங்கி வைத்தால் ஆறே மாதத்தில் அவை கண்ணாடி அலமாரிக் காட்சிப் பொருளாகும். பெயரை யாரும் பலகையில் போட்டுக்கொள்ளலாம், சட்டத் தடை கிடையாது. உள்ளே போய்ப் பாருங்கள். வெவ்வேறு வயதுப் பிள்ளைகள் ஒரே அறையில் இருந்து, தங்களுக்கு வேண்டிய சாமானைத் தாங்களே எடுத்து, நெடுநேரம் யாரும் இடைமறிக்காமல் வேலை செய்தால் அது மாண்டிசோரி. வரிசையாக உட்கார்ந்து ஏ, பி, சி எழுதினால் அது வேறு. ஊர்ப் பணத்தைத் தொடக்கப் பள்ளியில் இதற்குப் போட வேண்டாம்.

ஸ்மார்ட் போர்டும் வேண்டாம். இரண்டு ஆசிரியர் பள்ளியில் எல்லாப் பிள்ளையையும் ஒரே திசையில் பார்க்க வைக்கும் ஒரு பொருள், நமக்கு இருக்கும் சிக்கலுக்கு மருந்தே அல்ல.

சரி, நடைமுறைக்கு வருவோம். காலையில் முதல் பகுதி எண்ணும் எழுத்தும், எல்லாரும் சேர்ந்து பாட்டு, கதை. அதை விட முடியாது, விடவும் கூடாது. அதற்குப் பிறகு தமிழுக்கும் கணக்குக்கும் மட்டும் அட்டையும் ஏணியும், ஐந்து வகுப்புக்கும் கலந்து. பார்த்து எழுதும் பழக்கத்துக்கு ஒரு தடை வைக்கலாம், ஒவ்வொரு மைல்கல் (ஏணியில் சில படிகள் சேர்ந்த ஒரு பகுதி) முடிவிலும் நோட்டைக் காட்டினால் போதாது, ஆசிரியரிடம் வாயால் சொல்லி அல்லது வாசித்துக் காட்டிவிட்டுத்தான் அடுத்த படி. வீட்டுக்கு ஒரு சின்ன ஏணித்தாள் போகட்டும். பிள்ளை எந்தப் படியில் இருக்கிறது, வீட்டில் எதை வாசித்துக் காட்டச் சொல்ல வேண்டும் என்று அதில் இருக்கட்டும். படித்த அம்மாக்கள் உள்ள மாவட்டத்தில் அது பெரிய பலம்.

உங்கள் பள்ளியில் ஐந்து வகுப்புக்கும் ஐந்து ஆசிரியர்கள் இருந்தால் என் பரிந்துரை மாறும். அங்கே அட்டைக்குப் பெரிய தேவை இல்லை, பணத்தை நூலகத்துக்குப் போடுங்கள். தலைமையாசிரியருக்கே அட்டை முறையில் மனம் இல்லை என்றாலும் தொட வேண்டாம். விருப்பம் இல்லாதவர்மேல் ஏற்றியதால்தான் முதல் தடவை அது நொந்து போனது.

பணத்தை மொத்தமாகச் செலவழித்துவிடாதீர்கள். பாதியை வங்கியில் போட்டு, அதன் வட்டியில் ஒவ்வொரு ஆண்டும் கிழிந்த அட்டைகளை மாற்ற ஏற்பாடு செய்யுங்கள். வாங்கிய அட்டையைவிட, ஆசிரியர்களும் ஊரில் வேலைக்குக் காத்திருக்கும் பட்டதாரிப் பெண்களும் சேர்ந்து உட்கார்ந்து செய்த அட்டை நல்லது. தொலைந்தால் எப்படிச் செய்வது என்று தெரிந்தவர்கள் ஊரிலேயே இருப்பார்கள். அரசுப் பள்ளி என்றால் பணத்தை, அரசுப் பள்ளிகளுக்கு நன்கொடை பெற அரசு நடத்தும் "நம்ம ஸ்கூல் நம்ம ஊரு பள்ளி" திட்டம் வழியாகக் கொடுங்கள், பள்ளி மேலாண்மைக் குழுவில் தீர்மானம் போட்டு வட்டாரக் கல்வி அலுவலருக்கும் சொல்லிவிடுங்கள். உதவிபெறும் பள்ளி என்றால் நிர்வாகத்தின் எழுத்து ஒப்புதல் வேண்டும், தாளாளர் மாறினாலும் நிற்கும்படி. எல்லாப் பாடத்துக்கும் ஒரே மூச்சில் இறங்காமல், மே மாத விடுமுறையில் முதல் இரண்டு வகுப்புக்கான தமிழ், கணக்கு அட்டைகளை மட்டும் செய்து முடித்து, ஜூனில் பள்ளி திறக்கும்போது பாயை விரியுங்கள். கிறிஸ்துமஸ் விடுமுறைக்கு முன்னால் பெற்றோரை வகுப்புக்குள்ளேயே அழைத்து உட்கார வைத்து, பிள்ளைகள் வேலை செய்வதை ஒரு காலை முழுக்கப் பார்க்கச் சொல்லுங்கள். மூன்றாம் வகுப்புக்குப் போகலாமா என்பதை அதற்குப் பிறகு முடிவு செய்யலாம்.